குறிப்பின் நேர்மை: தமிழ்க் குறுக்கெழுத்துக் குறிப்பாக்க விளையாட்டின் மரபும் வரலாறும்

ஆய்வுச் சுருக்கம்

குறுக்கெழுத்துப் புதிரை விடுப்பதைப் போலவே, ஒரு விடைச்சொல்லைக் கொடுத்து அதற்குரிய குறிப்பைப் பலர் கூடி ஆக்குவதும் ஒரு சொல் விளையாட்டாகும். இவ்விளையாட்டின் தமிழ்ப் பின்புலத்தை இக்கட்டுரை மூன்று தளங்களில் ஆராய்கிறது. முதலாவது, பிசி, சித்திரகவி ஆகிய பழைய வடிவங்களோடு குறிப்பாக்கம் கொண்டுள்ள ஒப்புமை. இரண்டாவது, இருபதாம் நூற்றாண்டில் பரிசுப் போட்டியாகப் பரவிய குறுக்கெழுத்து, சூதாட்டம் என்னும் ஐயத்துக்கு உள்ளாகிச் சட்டத்தின் கட்டுக்குள் வந்த வரலாறு. மூன்றாவது, தமிழ் எழுத்தமைப்பும் புணர்ச்சியும் குறிப்பாக்கத்துக்கு விதிக்கும் எல்லைகளும் தரும் வாய்ப்புகளும். நல்ல குறிப்பு என்பது ஒரே விடைக்கு இரு வழிகளில் இட்டுச்செல்வது. அந்த இரட்டைச் சான்றே திறனையும் ஊகத்தையும் பிரிக்கும் கோடு என்பது கட்டுரையின் முடிபு.

திறவுச்சொற்கள்

குறுக்கெழுத்து, குறிப்பாக்கம், பிசி, சித்திரகவி, வினாவுத்தரம், பரிசுப் போட்டிகள் சட்டம், புணர்ச்சி, சென்னை.

முன்னுரை

தமிழில் சொல் விளையாட்டுகள் பற்றிய ஆய்வுகள் பெரும்பாலும் விடுகதை, பழமொழி, சிறுவர் விளையாட்டுப் பாடல் என்னும் நாட்டார் வழக்காற்று எல்லைக்குள் நிகழ்ந்துள்ளன. அச்சு ஊடகத்தின் வழியே வந்த குறுக்கெழுத்து, இதழியல் ஆய்வுகளில் விற்பனை உத்தியாகக் கருதப்பட்டுக் கடந்துசெல்லப்படுகிறது. ஒரு சொல்லை உடைத்தும் திருப்பியும் ஒளித்தும் வாசகரை வழிமாற்றும் குறிப்பு, மொழி தன் இயல்பை வெளிக்காட்டும் இடமாகும். அவ்வகையில் அது இலக்கண ஆய்வுக்கும் உரிய பொருள்.

குறுக்கெழுத்து மேலைநாட்டு வரவு என்பதில் ஐயமில்லை. 1913 டிசம்பர் 21ஆம் நாள் 'நியூயார்க் வேர்ல்ட்' நாளிதழில் ஆர்தர் வின் வெளியிட்ட வைர வடிவப் புதிரே இன்றைய வடிவத்தின் தொடக்கமாகக் கொள்ளப்படுகிறது. அதில் குறிப்புகள் அகராதிப் பொருளை ஒட்டியே அமைந்தன. குறிப்பையே புதிராக்கும் மறைபொருட் குறிப்பு முறை 1920களில் இங்கிலாந்தில் வளர்ந்தது. டார்க்கமாடா என்னும் புனைபெயர் கொண்ட எட்வர்ட் பவிஸ் மேதர்ஸ் 1926 முதல் 'அப்சர்வர்' இதழில் இம்முறையை நிலைநிறுத்தினார். 1939இல் அவரையடுத்து வந்த சிமினீஸ் என்னும் டி. எஸ். மக்நட் குறிப்புக்கு நேர்மை விதிகளை வகுத்து, 1966இல் அவற்றை நூலாகவும் வெளியிட்டார். 1972 முதல் அப்பணியைத் தொடர்ந்த அசெட், விடைச்சொல்லைக் கொடுத்து வாசகரைக் குறிப்பு எழுதச்செய்யும் போட்டியைத் தொடர்ந்து நடத்தினார். விடுப்போர் ஆக்குவோராக மாறும் இப்போட்டியே நாம் இங்கு எடுத்துக்கொண்ட விளையாட்டின் அச்சு வடிவம்.

இதன் தமிழ் நிலை யாது என்பதே கட்டுரையின் வினா.

பிசியும் சித்திரகவியும்

தொல்காப்பியச் செய்யுளியல் யாப்பின் வழிப்பட்டனவாகக் கூறும் ஏழனுள் பிசியும் ஒன்று. பாட்டு, உரை, நூல், வாய்மொழி, அங்கதம், முதுசொல் ஆகியவற்றோடு பிசியும் சமமாக எண்ணப்படுவது கருதத்தக்கது. ஒப்புமையோடு பொருந்தி வருவது, ஒன்றைச் சொல்ல மற்றொன்று தோன்றுமாறு துணிந்து கூறுவது எனப் பிசி இருவகைப்படும். இவ்விரண்டிலும் விடை வெளியில் இல்லை. கேட்பவரே அதை நிறைவு செய்ய வேண்டும். குறுக்கெழுத்துக் குறிப்புக்கும் பிசிக்கும் உள்ள முதல் உறவு இதுவே.

பிசி பொருளை மறைக்கிறது. சித்திரகவி எழுத்தைக் கையாள்கிறது. பன்னிரண்டாம் நூற்றாண்டினதாகக் கொள்ளப்படும் தண்டியலங்காரம் சொல்லணியியலில் சித்திரகவி வகைகளை விரிக்கிறது. அவற்றுள் சிலவற்றை இன்றைய குறிப்பாக்க உத்திகளோடு ஒப்பிடலாம்.

எழுத்து வருத்தனம் என்பது ஒரு சொல்லோடு எழுத்து ஒவ்வொன்றாகக் கூட்ட வெவ்வேறு பொருள் பயப்பது. அக்கரச்சுதகம் அதன் மறுதலை. எழுத்தை நீக்க நீக்கப் புதுச்சொல் பிறப்பது. மாலைமாற்று ஈற்றிலிருந்து வாசித்தாலும் முன்போலவே அமைவது. திருஞானசம்பந்தரின் மாலைமாற்றுப் பதிகம் இதற்குப் பழைய சான்று. கரந்துறைச் செய்யுளிலும் காதைகரப்பிலும் ஒரு செய்யுளுள் பிறிதொன்று மறைந்திருக்கும். வினாவுத்தரம் ஒரு சொல்லைப் பகுத்து, பகுதிகளைத் தனித்தனி வினாக்களுக்கு விடையாக்கி, முழுச்சொல்லை இறுதி வினாவுக்கு விடையாக்குவது. சருப்பதோபத்திரமோ அடிக்கு எட்டெழுத்தாக நான்கடிகளை அறுபத்து நான்கு அறைகளில் நிரப்பிப் பல திசைகளிலும் படிக்கச்செய்வது. அறைகளில் எழுத்தை நிரப்பி நெடுக்கும் குறுக்கும் வாசிக்கும் வழக்கம் தமிழுக்குப் புதிதன்று என்பதை இது காட்டுகிறது.

எனினும் இவ்வொப்புமையை வழித்தோன்றலாகக் கொள்வது பிழை. குறுக்கெழுத்து சித்திரகவியிலிருந்து பிறக்கவில்லை. சித்திரகவியில் செய்யுள் முழுமையாக வாசகர் முன் நிற்கிறது. அவர் புலவரின் ஆற்றலை வியக்கிறார். குறுக்கெழுத்தில் வெற்றறையே முன் நிற்கிறது. வாசகர் தம் ஆற்றலால் அதை நிரப்புகிறார். உத்திகள் ஒன்றாயினும் ஆக்குவோர்க்கும் பெறுவோர்க்கும் உள்ள உறவு வேறு. சித்திரகவியின் கருவிகள் பிசியின் நோக்கத்துக்குப் பயன்படும்போதுதான் மறைபொருட் குறிப்பு பிறக்கிறது எனலாம்.

கூட்டாக ஆடும் தன்மைக்கும் தமிழில் முன்மாதிரி உண்டு. அவதானக் கலையில் அவையோர் ஈற்றடி கொடுக்க, அவதானி செய்யுளை நிறைவு செய்வார். 1907ஆம் ஆண்டு செய்குத்தம்பிப் பாவலர் சென்னை விக்டோரியா மண்டபத்தில் சதாவதானம் நிகழ்த்தியது இம்மரபின் நகர வடிவத்துக்கு எடுத்துக்காட்டு. அங்குப் பலர் வினவ ஒருவர் விடையளித்தார். குறிப்பாக்க விளையாட்டிலோ ஒரு சொல் கொடுக்கப்பட, பலரும் ஆக்கிப் பலரும் மதிப்பிடுகின்றனர். அவை முழுவதும் அவதானியாகிவிடுகிறது.

பரிசும் சட்டமும்

1930களில் சென்னையிலிருந்து வெளிவந்த இதழ்கள் குறுக்கெழுத்தைப் பரிசுப் போட்டியாகத் தமிழ் வாசகரிடையே பரப்பின. 1928இல் எஸ். எஸ். வாசன் பொறுப்பேற்ற ஆனந்த விகடன் இவற்றுள் முதன்மையானது. நுழைவுக் கட்டணம், பரிசுத்தொகை, முத்திரையிட்டுக் காக்கப்படும் விடை என்பன இத்தகைய போட்டிகளின் பொது அமைப்பு. பரிசு பெருகப் பெருக விற்பனை பெருகியது. அத்துடன் இது அறிவுப் போட்டியா, சூதாட்டமா என்னும் வினாவும் எழுந்தது.

அவ்வினாவின் வேர் குறிப்பில் இருக்கிறது. இதை விளக்க நானே அமைத்த ஒரு குறிப்பைக் கொள்வோம். மூன்றறைகள், முதலறையில் 'க', மூன்றாமறையில் 'வு' உள்ளன. குறிப்பு: 'இரவில் நம்மை உள்ளே வைத்திருப்பது.' விடை 'கதவு' ஆகலாம். 'கனவு' என்பதும் பொருந்தும். இரண்டுள் எது முத்திரையிட்ட உறையில் உள்ளது என்பதை மொழியறிவு கொண்டு அறிய இயலாது. இத்தகைய ஈரடிக் குறிப்புகள் ஒரு கட்டத்தில் பத்து இருந்தால், எல்லா வாய்ப்புகளையும் நிரப்பியனுப்ப 1,024 படிவங்கள் வேண்டும். படிவத்துக்குக் கட்டணமும் உண்டெனில், போட்டி நடத்துவோரின் வருவாய் குறிப்பின் தெளிவின்மையிலிருந்தே பிறக்கிறது. மோசமான குறிப்பு எழுதுவது இங்கு வணிக அடிப்படையில் ஆதாயமானது.

இந்நிலையை எதிர்கொள்ளவே 1955ஆம் ஆண்டின் பரிசுப் போட்டிகள் சட்டம் இயற்றப்பட்டது. எழுத்துகளையோ சொற்களையோ எண்களையோ அமைத்தும் இணைத்தும் மாற்றியும் விடுக்கும் புதிர்களுக்குப் பரிசு வழங்கும் போட்டி என்று சட்டம் வரையறை செய்தது. அவ்வரையறையில் குறுக்கெழுத்தைப் பெயர் சுட்டியே கூறியது. ஒரு மாதத்தில் பரிசின் மொத்த மதிப்பு 1,000 ரூபாயைத் தாண்டலாகாது, ஒரு போட்டிக்கு 2,000 படிவங்களுக்கு மேல் ஏற்கலாகாது, உரிமம் பெற வேண்டும் என்பன அதன் முதன்மை விதிகள். இச்சட்டத்துக்கு உட்பட்ட மாநிலங்களுள் அன்றைய சென்னை மாநிலமும் ஒன்று.

சட்டத்தை எதிர்த்து ஆர். எம். டி. சமர்பாக்வாலா தொடுத்த வழக்கில் 1957 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வெற்றி பெருமளவு திறனைச் சார்ந்திராத போட்டிகள் சூதாட்டத்தன்மை உடையவை. சட்டத்தின் கட்டுப்பாடுகள் அவற்றுக்கே உரியவை. திறன் சார்ந்த போட்டிகளை அவை தாக்கா என்பது தீர்ப்பின் சாரம். இத்தீர்ப்பை எழுதிய நீதிபதி தி. ல. வெங்கடராம அய்யர் முன்னர்ச் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதியாக இருந்தவர். சென்னை மியூசிக் அகாதெமியின் சங்கீத கலாநிதி விருது பெற்ற இசையறிஞரும் ஆவார்.

இத்தீர்ப்பைச் சட்ட வரலாற்றினர் தொழில் உரிமை பற்றியதாகவும், ஒரு சட்டத்தில் செல்லும் பகுதியையும் செல்லாப் பகுதியையும் பிரித்துக் காணும் கோட்பாடு பற்றியதாகவும் படிப்பர். சொல் விளையாட்டின் வரலாற்றில் அதற்கு வேறொரு பொருளும் உண்டு. திறன், ஊகம் என்னும் பிரிவை நீதிமன்றம் போட்டியின் இயல்பில் கண்டது. குறுக்கெழுத்தைப் பொறுத்தவரை அவ்வியல்பைத் தீர்மானிப்பது குறிப்பே. ஒரே கட்டம், அதே விடைச்சொற்கள். குறிப்பை மாற்றினால் சூதாட்டம் திறன்போட்டியாகிவிடும்.

இரட்டைச் சான்று

முன்னர்க் கண்ட 'கதவு' என்னும் சொல்லுக்கு மறைபொருட் குறிப்பு அமைத்துப் பார்க்கலாம். 'தகவு கலைந்தால் வீட்டைக் காப்பது (3).' இதில் 'வீட்டைக் காப்பது' என்பது பொருட்பகுதி. 'தகவு கலைந்தால்' என்பது ஆக்கப்பகுதி. 'த', 'க', 'வு' ஆகிய எழுத்துகளை இடம்மாற்ற வேண்டும் என்பதைக் 'கலைந்தால்' சுட்டுகிறது. மூன்றெழுத்துகளை ஆறு வகையில் அடுக்கலாம். வகர உகரம் மொழிமுதலாகாது என்னும் இலக்கண விதியால் இரண்டு விலகும். கொடுக்கப்பட்ட சொல் ஒன்று விலகும். எஞ்சிய மூன்றனுள் பொருளுடையது 'கதவு' மட்டுமே. 'கனவு' நுழைய வழியில்லை. பொருட்பகுதி ஒரு சான்று, ஆக்கப்பகுதி மற்றொரு சான்று. இரண்டும் ஒரே சொல்லில் கூடுகின்றன. விடையை அறிய உறையைப் பிரிக்கத் தேவையில்லை. குறிப்பே விடையை மெய்ப்பிக்கிறது.

ஏனைய உத்திகளுக்கும் இது பொருந்தும். பின்வருவன இக்கட்டுரைக்கென ஆக்கப்பட்டவை.

நீக்கல்: 'தலையிழந்த கவிதை முளைக்கும் (2).' முதலெழுத்தை நீக்க 'விதை'. இது அக்கரச்சுதகத்தின் வழிப்பட்டது.

திருப்பல்: 'திரும்பிய சிவா, படி (2).' விடை 'வாசி'. மாலைமாற்றில் திருப்பினாலும் அதுவே வரும். இங்குத் திருப்பினால் வேறு சொல் வருகிறது.

கரத்தல்: 'வேகம் பன்மடங்கானதில் மறைந்த புலவர் (4).' முதலிரு சொற்களின் இடையே 'கம்பன்' மறைந்துள்ளார். 'மறைந்த' என்பது மேலோட்டமான வாசிப்பில் இறப்பையும், ஆக்கத்தில் ஒளிவையும் குறிக்கிறது.

பகுத்தல்: 'உச்சி, இடம்பெயர்: சென்னை (5).' 'தலை', 'நகர்' ஆகிய இரண்டும் கூடித் 'தலைநகர்'. இது வினாவுத்தரத்தின் அமைப்பே.

இரட்டுறல்: 'வானிலும் வரும், வாரத்திலும் வரும் (4).' விடை 'திங்கள்'. இங்கு இரு பகுதிகளும் பொருட்பகுதிகளே.

தமிழ் எழுத்தமைப்பின் எல்லைகள்

ஆங்கிலக் குறிப்பாக்கத்தில் எழுத்துக் கலைப்பு பெருவழக்கு. அங்கு 26 எழுத்துகளுள் உயிரும் மெய்யும் தனித்தனி நகரும். தமிழ்க் கட்டத்தில் ஓரறைக்கு ஓரெழுத்து, உயிர்மெய் பிரியாது. அறையில் இடம்பெறத்தக்க எழுத்துகள் 247. 'கதவு', 'தகவு' போன்ற இணைகள் அரிதாகவே கிட்டுகின்றன. கட்டத்தில் இரு சொற்கள் வெட்டுவதும் ஆங்கிலத்தினும் கடினம்.

எழுத்தெண்ணும் முறையும் கருதத்தக்கது. கட்டளைக் கலித்துறையில் ஒற்று நீக்கியே எழுத்தெண்ணுவர். குறுக்கெழுத்தில் ஒற்றுக்கும் ஓரறை உண்டு. கணினிக் குறியாக்கம் வேறு வகையில் எண்ணுகிறது. 'சென்னை' என்பது தமிழ் வாசகருக்கு மூன்றெழுத்து. ஒருங்குறியில் அதே சொல் ஆறு குறிகளாகச் சேமிக்கப்படுகிறது. ஆங்கிலத்துக்கென எழுதிய புதிர்ச் செயலியில் தமிழ்ச்சொற்களை இட்டால் கட்டம் சிதைவது இதனால்தான். அறை எது என்னும் எளிய வினாவுக்குத் தமிழ் எழுத்திலக்கணமே விடையளிக்க வேண்டியுள்ளது.

கலைப்பில் இழந்ததைத் தமிழ் புணர்ச்சியில் ஈடுசெய்கிறது. இதைத் தென்சென்னை ஊர்ப்பெயர்களால் விளக்கலாம். மயிலாப்பூர் மாடவீதியை அடுத்த ஒரு வீட்டில் ஆய்வுத் தோழர் நால்வருடன் இவ்விளையாட்டை ஆடியபோது கொடுக்கப்பட்ட சொற்கள் மூன்று.

'மயிலை' என்பதற்கு வந்த குறிப்பு: 'பறவையைச் சொன்னால் ஊர் வரும் (3).' 'மயில்' இரண்டாம் வேற்றுமை ஏற்று 'மயிலை' ஆகிறது; குறிப்பிலும் 'பறவை' அதே உருபை ஏற்றுள்ளது. தமிழின் வேற்றுமை உருபு சொல்லோடு ஒட்டுவதால் மட்டுமே அமையும் குறிப்பு இது. 'மாம்பலம்' என்பதற்கு 'மரத்தின் வலிமை தெரியும் வட்டாரம் (5)' என்பது வந்தது. 'மா' என்னும் மரப்பெயரின் முன் வல்லினம் வர, இனமெல்லெழுத்துத் தோன்றுகிறது. குறிப்பில் எங்கும் சொல்லப்படாத மகர ஒற்றை இலக்கணம் கொண்டுவந்து சேர்க்கிறது.

மூன்றாவது சொல்லான 'அடையாறு' வாதத்தை எழுப்பியது. ஒருவர் ஆக்கியது: 'பலகாரம் அரை டசன்: சென்னையின் ஒரு பகுதி (4).' 'அடை', 'ஆறு' ஆகியவை கூட, ஐகார ஈற்றின்முன் யகர உடம்படுமெய் தோன்றுகிறது. மற்றொருவர் ஆக்கியது: 'சேர் பழைய நதியை, தென்சென்னை வரும் (4).' 'அடை' என்றால் சேர். ஆற்றின் பழைய வடிவம் 'யாறு'. இங்கு யகரம் உடம்படுமெய்யன்று, சொல்லின் சொந்த எழுத்து. இரு குறிப்புகளும் சரியா, ஒன்று மட்டும் சரியா என்பதே வாதம். இரண்டும் ஏற்கத்தக்கவை என்று முடிவு செய்தோம். இரண்டும் வெவ்வேறு இலக்கண வழியில் சென்றாலும் ஒவ்வொன்றும் தன்னளவில் ஒரே விடைக்கே இட்டுச்செல்கிறது. மூன்றாவதாக வந்த 'நதிக்கரை வட்டாரம்' என்பது தள்ளப்பட்டது. அது உண்மைதான், ஆனால் கூவத்தின் கரையிலும் வட்டாரங்கள் உண்டு. அதற்குப் பொருட்பகுதி மட்டுமே இருக்கிறது, மெய்ப்பிக்கும் ஆக்கப்பகுதி இல்லை.

இங்கு ஓர் எச்சரிக்கையும் தேவை. குறிப்பில் காணும் பகுப்பு சொற்பிறப்பு ஆகாது. மாம்பலத்துக்கும் வலிமைக்கும், அடையாற்றுக்கும் பலகாரத்துக்கும் வரலாற்றுத் தொடர்பு எதுவும் கூறப்படவில்லை. ஊர்ப்பெயர் ஆய்வில் ஓசை ஒப்புமையைச் சான்றாகக் கொள்ளும் போக்கு இன்றும் உள்ளது. குறிப்பாக்கம் அறிந்தவருக்கு எந்தப் பெயரையும் எப்படியும் பிரிக்கலாம் என்பது கையறிவாகத் தெரியும். அவ்வறிவே பொய்ச் சொற்பிறப்பின்பால் ஐயம் கொள்ளக் கற்பிக்கிறது.

சமகால நிலை

சென்னையில் மறைபொருட் குறிப்பின் பழக்கம் முதலில் ஆங்கில வழியே வேரூன்றியது. அண்ணா சாலையிலிருந்து வெளிவரும் 'தி இந்து' நாளிதழ் 1971இல் குறுக்கெழுத்தைத் தொடங்கியது. இந்தியக் கடற்படையின் முதல் இந்தியத் தலைமைத் தளபதியான ராம் தாஸ் கட்டாரி ஓய்வுக்குப்பின் அதன் தொடக்ககாலப் புதிராக்குநராக விளங்கினார். தமிழ் இதழ்களில் வந்த குறுக்கெழுத்துகள் பெரும்பாலும் அகராதிப் பொருளை ஒட்டிய குறிப்புகளையே கொண்டிருந்தன. மறைபொருட் குறிப்பைத் தமிழில் தொடர்ந்து வளர்த்தவர்களுள் வாஞ்சிநாதன் குறிப்பிடத்தக்கவர். அமெரிக்காவிலிருந்து வெளிவரும் 'தென்றல்' மாத இதழில் அவர் ஆக்கிய புதிர்களும், 'உதிரிவெடி' என்னும் பெயரில் வழங்கிவந்த தனிக்குறிப்புகளும் தமிழ்ப் புணர்ச்சியையும் உயிர்மெய்யையும் கருவியாகக் கொண்டவை. அவர் கணித வல்லுநர் என்பது தற்செயலாக இருக்கலாம். ஆயினும் குறிப்பு தன் விடையைத் தானே நிறுவ வேண்டும் என்னும் கோட்பாடு கணிதத்துக்கு நெருக்கமானதே.

தொகுப்புரை

பிசி விடையை மறைக்கக் கற்பித்தது. சித்திரகவி எழுத்தைக் கையாளக் கற்பித்தது. பரிசுப் போட்டிகளின் காலம், குறிப்பு தெளிவிழந்தால் விளையாட்டு எங்குச் சென்று முடியும் என்பதைக் காட்டியது. 1955ஆம் ஆண்டுச் சட்டம் பரிசையும் படிவ எண்ணிக்கையையும் வரையறுத்து வெளியிலிருந்து தடை விதித்தது. மறைபொருட் குறிப்போ இரட்டைச் சான்றின் வழியே ஊகத்தை உள்ளிருந்தே விலக்குகிறது.

இதனால் குறிப்பாக்க விளையாட்டைத் தமிழ் வகுப்பறைக்குப் பரிந்துரைக்கலாம். உடம்படுமெய் யாது என வினவினால் மாணவர் மனப்பாட விதியை ஒப்பிப்பர். 'அடையாறு' என்னும் சொல்லைக் கொடுத்துக் குறிப்பு ஆக்கச்சொன்னால், யகரம் எங்கிருந்து வந்தது என்று தமக்குள் வாதிடுவர். அந்த வாதத்தில் விதி பயன்படுகிறது. பயன்படும் விதியே நினைவில் நிற்கும். பரிசு வேண்டியதில்லை, கட்டணம் வேண்டியதில்லை. ஒரு சொல்லும், அதன் நேர்மையைச் சோதிக்கும் நால்வரும் போதும்.